நாலரைக் குதிரை!

ஆங்கிலேயர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கொட்டகை இருந்தே தீரும். வீடு சிறியதாக இருக்கலாம். வாசலில் கார் நிறுத்த இடமில்லாமலும் இருக்கலாம். ஆனால் பின்புறம் புல்தரையின் கோடியில் பலகை அடித்த ஒரு கொட்டகை உண்டு. மண்வெட்டி, பூந்தொட்டி, புல் வெட்டும் யந்திரம் இவற்றை வைப்பதற்காகக் கட்டியது என்று சொல்வார்கள். கதவைத் திறந்து பார்த்தால் சில வீடுகளில் விஷயம் வேறாக இருக்கும்.

அங்கே ஒரு பழைய மோட்டார் சைக்கிள், சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும். என்ஜின் பக்கத்து மேஜையில் பிரித்துக் கிடக்கும். கார்புரேட்டர் ஒரு பிஸ்கோத்து டப்பாவுக்குள் இருக்கும். வீட்டுக்காரர் முழங்கை வரை கறுப்பு மசியோடு நின்றுகொண்டு, "இன்னும் இரண்டே வாரம், ஓடிவிடும்" என்பார். மூன்று வருஷமாக இந்த இரண்டு வாரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனைவி, சமையலறை ஜன்னலை மெதுவாகச் சாத்துவாள்.

ஏதோ பெரிய பந்தய வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் இப்படிப் பல கொட்டகைகளில் குடியிருப்பது "பி.எஸ்.ஏ. பாண்டம்" என்ற சின்னஞ்சிறு வண்டி. 1948-ல் அது முதல் முதலாக வந்தபோது என்ஜின் 123 சி.சி.; சக்தி நாலரைக் குதிரை. நம் ஊரில் காய்கறி மூட்டையையும் பால் கேனையும் சுமந்துகொண்டு போகிறதே டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100, அதன் சக்தியும் ஏறக்குறைய அவ்வளவுதான். நல்ல சமதரையில், காற்று எதிர்க்காமல் இருந்தால், மணிக்கு 45 அல்லது 50 மைல் போகும். மேடு வந்தால் முனகும்.

பாண்டம் என்றதும் மண்பாண்டம் ஞாபகத்துக்கு வரலாம். இது அதுவல்ல. ஆங்கிலத்தில் இந்தப் பெயர் ஒரு குட்டை ஜாதிக் கோழிக்கு உரியது. உருவம் சிறியது, ரோஷம் பெரியது. வண்டியின் பெட்ரோல் டாங்கில் ஒரு சேவல் படமும் ஒட்டியிருந்தார்கள்.

நாலரைக் குதிரைக்காக ஒரு மனிதர் மூன்று வருஷம் ஏன் மல்லாட வேண்டும்? அந்தப் பணத்துக்குப் புது ஸ்கூட்டர் ஒன்று வாங்கிவிடலாமே? அதைப் புரிந்துகொள்ள, அந்த வண்டி பிறந்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மூன்று துப்பாக்கி முத்திரை

பி.எஸ்.ஏ. என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் பி.எஸ்.ஏ. சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு ஓட்டக் கற்றவர்கள் இங்கே ஏராளம். ஆனால் அந்த மூன்று எழுத்தின் விரிவைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். "பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்", அதாவது பர்மிங்காம் சிறு ஆயுதக் கம்பெனி. அந்த நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளிகள் 1861-ல் ஒன்று கூடி ஆரம்பித்தது. மூன்று துப்பாக்கிகளைச் சார்த்தி நிறுத்தியதுதான் அதன் முத்திரை. சண்டை இல்லாத காலத்தில் துப்பாக்கிக்குக் கிராக்கி ஏது? ஆகவே சைக்கிள் செய்தார்கள்; பிறகு மோட்டார் சைக்கிள் செய்தார்கள்.

1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் ஸ்மால் ஹீத்தில் இருந்த அந்தக் கம்பெனியின் தொழிற்சாலைமீது குண்டு போட்டன. வேலை செய்துகொண்டிருந்த 53 பேர் மாண்டார்கள்.

எட்டு வருஷம் கழித்து அதே கம்பெனி ஒரு ஜெர்மன் மோட்டார் சைக்கிளைத் தன் பெயரில் செய்து விற்றது. அதுதான் பாண்டம்!

பெயர் தெரியாத தகப்பன்

ஜெர்மனியில் சாக்ஸனி மாகாணத்தில் ஷோப்பாவ் என்று ஒரு சிறிய ஊர். அங்கே டி.கே.டபிள்யூ. என்ற கம்பெனி இருந்தது. 1920-களின் கடைசியில் உலகத்திலேயே மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை அதுதான். அதன் தலைமை வடிவமைப்பாளர் ஹெர்மன் வேபர். 1939-ல் அவர் "ஆர்.டி. 125" என்ற ஒரு சிறு வண்டியை உருவாக்கினார்.

அதில் என்ன விசேஷம்? இரண்டு வீச்சு என்ஜின்களில் அதுவரை பிஸ்டனின் தலையில் ஒரு திமில் வைப்பது வழக்கம். உள்ளே வரும் புதுக் கலவை நேராகப் புகைக்குழாய் வழியே ஓடிப்போய்விடாமல் மேலே திருப்பிவிடுவதற்காக அந்தத் திமில். அதனால் பிஸ்டன் கனமாகும், சீக்கிரம் சூடேறும். ஷ்னூர்லே என்ற ஜெர்மன் நிபுணர் வேறு வழி கண்டுபிடித்தார். இரு பக்கத்திலிருந்தும் கலவையைச் சாய்வாகப் பாய்ச்சினால், இரண்டு ஓடைகளும் மோதி, தாமாகவே மேலே எழுந்து சுழன்று, எரிந்த புகையை வெளியே தள்ளிவிடும். திமில் வேண்டாம், தட்டையான பிஸ்டன் போதும். அந்த உரிமையை டி.கே.டபிள்யூ. வாங்கியிருந்தது. வேபரின் சிறு என்ஜின் அந்த முறையில்தான் ஓடியது.

யுத்தம் முடிந்தது. ஜெர்மனி தோற்றது. நஷ்டஈடு என்ற பெயரில் யந்திரங்கள், வரைபடங்கள், காப்புரிமைகள் எல்லாம் வெற்றி பெற்றவர்கள் கைக்குப் போயின. ஷோப்பாவ் ரஷ்யர்கள் வசமிருந்த பகுதி. தொழிற்சாலை யந்திரங்களை அவர்கள் கொண்டுபோனார்கள். வேபரையும் கொண்டுபோனார்கள்.

வரைபடங்கள் பர்மிங்காமுக்கும் வந்து சேர்ந்தன. அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. ஜெர்மன் வண்டியில் கியர் மிதி இடது காலுக்கு. ஆங்கிலேயருக்கோ வலது காலில் மாற்றித்தான் பழக்கம். ஆகவே வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே இடம் வலமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்! மற்றபடி சிலிண்டரின் 52 மில்லிமீட்டர் குறுக்களவும் 58 மில்லிமீட்டர் வீச்சும் மாறவில்லை.

பிரிட்டிஷ்காரர்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சன் அதே வடிவத்தில் ஒரு 125 செய்தது. ரஷ்யாவில் அது "மாஸ்க்வா" என்ற பெயரில் வந்தது. ஜப்பானில் பியானோவும் ஆர்மோனியமும் செய்துகொண்டிருந்த யமஹா, 1955-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளாக வெளியிட்டது அதே மாதிரிதான். "செந்தும்பி" என்று அதற்குச் செல்லப்பெயர். அந்த வருஷமே புஜி மலையேற்றப் பந்தயத்தில் அது ஜெயித்தது. பிற்காலத்தில் நம் நாட்டு எஸ்கார்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து ராஜ்தூத் 350-யையும் ஆர்.எக்ஸ். 100-யையும் கொடுத்ததே, அந்த யமஹாதான்.

வேபர் என்ன ஆனார்? 1948-ல், ரஷ்யாவில் இஷெவ்ஸ்க் என்ற ஊரில், சொந்த ஊர் திரும்பாமலே இறந்துபோனார். பாண்டம் விற்பனைக்கு வந்த வருஷமும் அதுவே. எத்தனையோ லட்சம் பேர் ஓட்டிய வண்டியில் எங்கும் அவர் பெயர் இல்லை. இன்று கொட்டகையில் அந்த என்ஜினைப் பிரிப்பவர்களில் விஷயம் அறிந்தவர்கள் மட்டும், தட்டையான அந்தப் பிஸ்டனைக் கையில் எடுக்கும்போது அவரை நினைத்துக்கொள்கிறார்கள்.

தந்தி வந்தது

1948-ல் பாண்டத்தின் விலை 60 பவுன். அரசாங்க வரி 16 பவுன் 4 ஷில்லிங் தனி. தொழிலாளியின் வாரக்கூலி ஏழு பவுனை ஒட்டி இருந்த காலம் அது. மூன்று மாதச் சம்பளத்துக்குள் ஒரு வண்டி! பெட்ரோலுக்கு ரேஷன் இருந்தது. 1950 மே வரையில் நீடித்தது. பாண்டமோ ஒரு காலன் பெட்ரோலில் நூறு மைலுக்கு மேல் போயிற்று. யார்தான் வாங்கமாட்டார்கள்? நர்ஸ் வாங்கினாள், பாதிரியார் வாங்கினார், ஆலைத் தொழிலாளி வாங்கினான். முதலில் ஒரே வர்ணம்தான்: மூடுபனி போன்ற வெளிர் பச்சை.

சிவப்பாகவும் ஒன்று உண்டு. அது தபால் இலாகாவுக்கு. தந்தி கொண்டுபோகும் பையன்களுக்கு அரசாங்கம் பாண்டம் கொடுத்தது. பதினாறு வயது; உடுப்பு, தொப்பி; இடுப்பு வாரில் ஒரு தோல் பை. மோட்டார் வண்டியைக் கனவில்கூடத் தொட்டிராத ஏழை வீட்டுப் பையன்கள் அரசாங்கச் செலவில் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். மழையிலும் பனியிலும் வீட்டுக்கு வீடு போனார்கள். கல்யாண வாழ்த்து கொண்டுபோன வீட்டில் காசு கிடைக்கும். மரணச் செய்தி கொண்டுபோன வீட்டில் கதவைத் திறந்தவரின் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வர வேண்டும். தந்திக்காரரைத் தெருவில் பார்த்தாலே வயிறு கலங்கிய தலைமுறை நம் ஊரிலும் உண்டு. இதை விளக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் தந்தி சேவை 1982-ல் நின்றது. (நம் நாட்டில் 2013 ஜூலையில்.) அந்தப் பையன்களுக்கு இப்போது எண்பது வயதாகிறது. பழைய பாண்டத்தைத் தேடுகிறவர்களில் அவர்களும் உண்டு. முதுகு வளைந்துவிட்டது, வலது கால் உதைக்க மறுக்கிறது. ஆனாலும் சிவப்புப் பாண்டம்தான் வேண்டும் என்பார்கள். பச்சை வண்டியை வாங்கிச் சிவப்பு அடித்துக்கொள்வதும் உண்டு. கலப்படம் என்று சங்கத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்தால் என்ன? அந்தக் கிழவருக்கு வேண்டியது கண்காட்சிப் பரிசு அல்லவே.

பேரம்

வாங்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் மிக அபாயமான கட்டம்.

ஒருவர் இறந்துபோகிறார். கொட்டகையைக் காலி செய்யும்போது வண்டி அகப்படுகிறது. விதவை விலை அறியாள். பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை. "எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓடியது" என்று விளம்பரம் வருகிறது. எட்டு வருஷம் என்றால் பெரும்பாலும் இருபது வருஷம் என்று அர்த்தம். இன்னொரு விளம்பரம்: "முக்கால் வேலை முடிந்தது, எல்லாப் பாகங்களும் உள்ளன, பெட்டிகளில்." இந்தக் கடைசி வார்த்தையைக் கண்டால் அனுபவசாலி எழுந்து ஓடிவிடுவார். நான்கு பெட்டியில் இருக்கும் மோட்டார் சைக்கிளில் எது இல்லை என்பது, மாட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். பெரிய பாகம் எதுவும் தொலையாது. இரண்டு அங்குலத் தகடு ஒன்று, விசேஷ மரை போட்ட ஒரு நட்டு, இவைதான் தொலைந்திருக்கும். அவற்றுக்காக மூன்று மாதம் அலைய வேண்டும்.

இப்படி ஒரே வண்டி நான்கு பேர் கை மாறியிருக்கும். ஒவ்வொருவரும் கொஞ்சம் பிரித்திருப்பார்கள், ஒருவரும் மாட்டியிருக்கமாட்டார்கள். ஆசை, பணம், ஆயுள் மூன்றில் ஏதாவது ஒன்று பாதியில் தீர்ந்துபோயிருக்கும்.

ஆகவே விவரம் தெரிந்தவர், துருப்பிடித்திருந்தாலும் முழுதாக நிற்கும் வண்டியைத்தான் பார்ப்பார். முதலில் உதைக்கும் மிதியைக் கையால் அழுத்திப் பார்ப்பார். என்ஜின் இறுகிப்போயிருக்கிறதா, சுழல்கிறதா? சுழன்றால், பிஸ்டன் மேலே வரும்போது கலவை அமுங்கும் எதிர்ப்பு கைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சிலிண்டர் தேய்ந்துவிட்டது. பிறகு டாங்கின் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். உள்ளே துரு செதில் செதிலாக இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் போகும்.

பிறகு நம்பர். முதல் பாண்டத்தின் என்ஜின் நம்பர் "ஒய்.டி." என்ற எழுத்துகளோடு ஆரம்பிக்கும். சட்டத்தின் நம்பர் "ஒய்.டி.1" என்று இருக்கும். இரண்டையும் கம்பெனியின் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டு, எந்த வருஷத்து வண்டி என்று சொல்லக்கூடியவர்கள் பழைய வண்டிச் சங்கங்களில் இருக்கிறார்கள். வேறொரு வண்டியின் என்ஜினை மாட்டி விற்பது சகஜம். அது குற்றமல்ல, விலை மட்டும் குறைய வேண்டும்.

விலை என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஓடாத பாண்டத்தைச் சில நூறு பவுனுக்கு வாங்கிவிடலாம். ஆனால் டயர், செயின், பேரிங், பிஸ்டன், வர்ணம், குரோமியப் பூச்சு என்று செலவு செய்து முடித்தபின் கணக்குப் பார்த்தால், அதே பணத்துக்கு நன்றாக ஓடும் பாண்டம் ஒன்றை யாரோ பக்கத்து ஊரில் விற்றுக்கொண்டிருப்பார். இது எல்லோருக்கும் நேர்கிறது. லாபத்துக்காக இதில் இறங்கியவன் முதல் வருஷத்திலேயே வெளியேறிவிடுவான். குரோமியப் பூச்சு ரசீதை மனைவிக்குக் காட்டாமல் இருப்பது நல்லது என்று ஒரு பொதுவான அபிப்பிராயம் நிலவுகிறது.

மேஜைமேல் ஒரு என்ஜின்

இனி கொட்டகைக்குள் வருவோம். பலவீனமான வண்டியின் பெருமை இங்கேதான் தெரியும்.

பெரிய மோட்டார் சைக்கிளின் என்ஜினைச் சட்டத்திலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டும். பாண்டத்தின் என்ஜினை, கியர்ப் பெட்டியும் சேர்த்து, ஒரே ஆள் தூக்கி மேஜைமேல் வைத்துவிடலாம். மொத்த வண்டியே சுமார் 70 கிலோதான். உள்ளே வால்வு கிடையாது. வால்வைத் தூக்கும் கம்பி கிடையாது. எண்ணெய் இறைக்கும் பம்பு கிடையாது. அசைகிற முக்கிய சாமான் மூன்றே மூன்று: பிஸ்டன், அதைப் பிடித்திருக்கும் தண்டு, தண்டு சுழற்றும் கிராங்கு. எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் இருபது பங்குக்கு ஒரு பங்கு. பெட்ரோல் உள்ளே போகும்போது எண்ணெயும் போய், போகிற வழியெல்லாம் தடவிக்கொண்டே போகிறது. மிச்சம் நீலப் புகையாக வெளியே வருகிறது.

இந்த எளிமையில் ஒரு சூட்சுமம் உண்டு. பிஸ்டன் மேலே போகும்போது அடியிலுள்ள கிராங்கு அறை கலவையை உறிஞ்சுகிறது. கீழே வரும்போது அதே அறை அதை அமுக்கி மேலே அனுப்புகிறது. ஆகவே அந்த அறையில் காற்றுப் புகும் ஓட்டை இருக்கவே கூடாது. கிராங்கின் இரு முனையிலும் ஆயில் சீல்கள் அதைக் காக்கின்றன. வண்டி இருபது வருஷம் சும்மா நின்றால் சீல் காய்ந்து கல்லாகிவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், பிளக்கில் பொறி வரும், பெட்ரோல் வரும். ஆனால் நூறு உதை உதைத்தாலும் என்ஜின் பிடிக்காது. புதிதாக வந்தவர் கார்புரேட்டரைப் பத்து முறை கழற்றிச் சுத்தம் செய்வார். குற்றவாளி வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். சில ரூபாய் சாமான்தான். ஆனால் அதை மாற்ற என்ஜினையே இரண்டாகப் பிளக்க வேண்டும்.

அடுத்த சந்தேக நபர் மாக்னெட்டோ. சுழல்சக்கரத்துக்குள் இருக்கும் காந்தங்கள் வயதானால் சக்தி இழக்கும். மறுபடி காந்தமேற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். பாயிண்டின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. அதை அளக்கும் தகட்டுச் சீப்பு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வருகிறவர்களும் உண்டாம்.

புகைக்குழாயும் சிலிண்டரின் வாயும் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். ரத்தக் குழாய் அடைத்த மனிதனைப் போல வண்டி மூச்சு வாங்கும். மேல் மூடியைக் கழற்றி, மரக் குச்சியால் கரியைச் சுரண்டிவிட்டால் மறுபடி வாலிபம் திரும்பிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை. இந்தச் சுரண்டலில் கிடைக்கும் திருப்தி வேறு எதிலும் இல்லை என்று அனுபவித்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

இன்றைய வண்டியில் கோளாறு என்றால் ஒரு கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரருக்கு அது என்ன சொல்கிறது என்று தெரியாது. பாண்டத்தில் எந்தச் சாமான் எதைத் தள்ளுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஆபீஸில் நாள் முழுவதும் காகிதம் புரட்டுகிற குமாஸ்தா, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு என்ஜினை அடி முதல் முடி வரை புரிந்துகொண்டு தூங்கப் போகிறார். அவர் கொடுத்த பணம் அதற்குத்தான்.

சக்தி போதவில்லையே என்று சிலருக்குக் கை அரிக்கும். சிலிண்டரைக் குடைந்து, பெரிய கார்புரேட்டர் வைத்து, வேகத்தை ஏற்றுவார்கள். பாண்டத்தைப் பந்தயத்துக்கு மாற்றிய கெட்டிக்காரர்கள் உண்டு. அது தனிக் கலை. ஆனால் தெருவில் ஓட்டுகிற 1948 வண்டிக்கு அது வேண்டாத வேலை. மூன்றே கியர், பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத சட்டம், உள்ளங்கை அகலப் பிரேக்கு. வேகம் கூடினால் நிறுத்துவது யார்? வேகம்தான் வேண்டுமென்றால் கடையில் கிடைக்கிறது. பர்மிங்காம் கம்பெனி 1970-களின் ஆரம்பத்தில் நொடித்துப்போயிற்று. பாண்டம் 175 சி.சி. வரை வளர்ந்து 1971-ல் நின்றது. பி.எஸ்.ஏ. என்ற மோட்டார் சைக்கிள் பெயரை 2016-ல் வாங்கியது யார் தெரியுமா? நம் மஹிந்திரா குழுமத்தைச் சேர்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸ். 2025-ல் அவர்கள் "பாண்டம் 350" என்று புது வண்டியை பிரிட்டனில் வெளியிட்டார்கள். அதன் சக்தி 29 குதிரை! பழைய சேவலைப் போல ஆறு மடங்குக்கு மேல்.

சாலையில்

வண்டி ஒரு வழியாக ஓட ஆரம்பித்துவிட்டது. அதைச் சாலைக்குக் கொண்டுவர பிரிட்டனில் சட்டம் கொஞ்சம் தாராளம். நாற்பது வருஷம் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி இல்லை. பெரிய மாறுதல் எதுவும் செய்யாமல் இருந்தால், 2018 மே முதல் வருஷாந்திரப் பரிசோதனையும் கட்டாயமில்லை. இன்ஷூரன்ஸ் மட்டும் வேண்டும். நம் நாட்டில் 2021-ல் வந்த விதிப்படி, ஐம்பது வருஷம் கடந்த வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. நம்பரில் "வி.ஏ." என்ற எழுத்துகள் வரும், புதிதாகப் பதிய 20,000 ரூபாய். ஆனால் அந்தப் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் எடுத்துப் போகலாமே தவிர, தினசரி மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போகக் கூடாது.

பெட்ரோலில் ஒரு தொல்லை இருக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் பத்து சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர்க் குழாயையும் வாஷரையும் அது ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஆகவே பாண்டக்காரர்கள் எத்தனால் குறைந்த உயர்ரகப் பெட்ரோலைத் தேடிப் போகிறார்கள். குளிர்காலத்தில் டாங்கைக் காலி செய்துவிடுகிறார்கள்.

பாண்டத்தில் ஏறினால் ஊரின் பூகோளமே மாறிவிடும். காரில் போகும்போது கண்ணில் படாத மேடெல்லாம் மலையாகிவிடும். மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறங்கி, மணிக்கு இருபது மைலில் ஏறும்போது பின்னால் லாரிக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு வருவான். ஆனால் ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடிவிட்டால் பெட்ரோல் போகாது. பெட்ரோல் போகாவிட்டால் எண்ணெயும் போகாது. வறட்சியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தெரிந்தவர்கள் இறங்கும்போதும் இடையிடையே கைப்பிடியைத் திருகி என்ஜினுக்கு ஒரு வாய் எண்ணெய் கொடுத்துக்கொண்டே போவார்கள்.

இவ்வளவு சோனியான வண்டி தொலைதூரம் போகுமா என்று கேட்கலாம். 1950-களின் ஆரம்பத்தில் பெக்கி ஐரிஸ் தாமஸ் என்ற ஆங்கிலப் பெண் 125 பாண்டத்தில் கனடா, அமெரிக்கா, மெக்ஸிகோ எல்லாம் சுற்றினார். பின்னால் பெட்டியில் அவருடைய ஏர்டேல் ஜாதி நாய்! ஏறக்குறைய 14,000 மைல். மூட்டையும் நாயும் சேர்ந்து வண்டிக்கு வந்த பாரத்தை நினைத்தால் நமக்கே மூச்சு முட்டுகிறது. அவர் அந்தப் பிரயாணத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

கொட்டகைக்காரர் அவ்வளவு தூரம் போவதில்லை. பத்து மைல் தள்ளி ஒரு டீக்கடை. அங்கே வேறு நான்கு பழைய வண்டிக்காரர்கள். போவதற்கு அரை மணி, பேசுவதற்கு மூன்று மணி. யாரிடம் எந்தப் பாகம் இருக்கிறது, எந்த ஊரில் காந்தமேற்றுபவர் கடையை மூடிவிட்டார், யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதெல்லாம் அங்கே தெரியும். போன வருஷம் வந்த ஒருவர் இந்த வருஷம் இல்லையென்றால், அவர் வண்டி என்ன ஆயிற்று என்று யாராவது மெதுவாக விசாரிப்பார்கள்.

பேச்சு சுவாரஸ்யத்தில் இருட்டிவிடும். அங்கேதான் சங்கடம். முதல் பாண்டங்களில் பேட்டரியில்லாத ரகம் உண்டு. விளக்குக்கு மின்சாரம் நேராக என்ஜினிலிருந்து வருகிறது. என்ஜின் வேகமாகச் சுற்றினால் வெளிச்சம். மெதுவாகச் சுற்றினால் மினுக்கட்டாம்பூச்சி. நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்காக நிற்கும்போது முன் விளக்கு மஞ்சளாகி, ஆரஞ்சாகி, அணைந்தே போகப் பார்க்கும். பின்னால் வருகிற கார்காரருக்குத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டுமே! பெரியவர் கிளட்சைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே கைப்பிடியைத் திருகுகிறார். டிர்ரிங், டிர்ரிங் என்று சேவல் கூவுகிறது. நீலப் புகை எழுகிறது. விளக்கு ஒருமுறை பளிச்சென்று எரிந்து, மறுபடி மங்குகிறது. பச்சை விழும் வரையில் அவர் திருகிக்கொண்டே நிற்கிறார்.